மதிப்பெண் பட்டியலின் ஐந்தாம் பகுதி

இந்த ஊரில் ஒரு பாடம் பிடிக்கவில்லை என்றால் விட்டுவிட்டுப் போய்விடலாம். கடையில் எடுத்த சட்டையை மறுபடியும் கொக்கியில் மாட்டுவது மாதிரிதான். இதை நான் தெரிந்துகொண்டது வினிபெக் நகரப் பேருந்தில், ஒரு செப்டம்பர் மாதக் காலையில். பக்கத்து இருக்கையில் ஒரு பெண், பத்தொன்பது வயதிருக்கும், ஆப்பிளைக் கடித்துக்கொண்டே தோழியிடம் சொன்னாள்: கெமிஸ்ட்ரியை இன்று காலை டிராப் பண்ணிவிட்டேன், அதற்குப் பதில் ஐஸ்லாந்துக் கதைகள் எடுத்திருக்கிறேன். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் பக்கம் ஒரு பிள்ளை கெமிஸ்ட்ரியை விட்டால் வீட்டில் அடுப்பு எரியாது. மாமன் மச்சான் எல்லாம் திரண்டு வந்து உட்கார்ந்துவிடுவார்கள். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல் கேட்டேன்.

"தப்பாக நினைக்காதே. உன் அப்பாவுக்குத் தெரியுமா?"

"எது?"

"நீ கெமிஸ்ட்ரியை விட்டது."

"நான் கெமிஸ்ட்ரி எடுத்ததே அவருக்குத் தெரியாது" என்றாள். பிறகு என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, தோழியையும் கூட்டிக்கொண்டு பின் இருக்கைக்குப் போய்விட்டாள். என்னைக் கிறுக்கி என்று நினைத்திருப்பாள். நினைத்துவிட்டுப் போகட்டும்.

அவர்கள் படிக்கிற பல்கலைக்கழகத்தின் பாடப் பட்டியல் அன்று என் மடியில்தான் இருந்தது. டெலிபோன் டைரக்டரி கனம். அதை நான் வீட்டில் கதைப் புத்தகம் மாதிரி வாசித்திருந்தேன். பனிக்கட்டியின் இயற்பியல் என்று ஒரு பாடம். பூச்சிகளும் மனிதர்களும் என்று ஒரு பாடம். உக்ரேனியர்கள் முட்டை ஓட்டில் வரைகிற கோலங்களுக்கு ஒரு பாடம், ஜாஸ் இசைக்கு, மரணத்தின் சமூகவியலுக்கு, குதிரை வளர்ப்புக்கு, பால்கட்டிக்கு. எல்லாவற்றுக்கும் தலா மூன்று கிரெடிட். கிரெடிட் என்பது இங்கே படிப்பின் படி, மரக்கால். தொண்ணூறு கிரெடிட் சேர்ந்தால் ஒரு பட்டம். அதை எந்தத் தோட்டத்தில் பறித்துச் சேர்த்தாய் என்று அதிகமாகக் கேட்க மாட்டார்கள். கணக்குப் படிக்கிறவள் மத்தளமும் படிக்கலாம். படிக்கலாம் என்ன, படித்தே ஆக வேண்டும். அதற்குப் பெயர் பிரெத் ரெக்வயர்மென்ட். ஒரே துறையில் ஆழக் குழி தோண்டினால் போதாது, நாலு துறையிலும் கால் நனைத்திருக்க வேண்டும், அறிவுக்கு அகலம் வேண்டும் என்று முதல் பக்கத்திலேயே துணைவேந்தர் கையெழுத்துப் போட்டிருந்தார்.

வாசிக்க வாசிக்க எனக்குப் பொறாமையாக இருந்தது என்பதை ஒளிக்க மாட்டேன். மதுரையில் நாங்கள் பாடத்தைத் தேர்ந்தெடுக்கவில்லை. பத்தாவது மார்க்கைப் பார்த்து முதல் குரூப்பா மூன்றாம் குரூப்பா என்று ஹெட்மிஸ்ட்ரஸ் சொன்னார். பிளஸ் டூ மார்க்கைப் பார்த்துக் கல்லூரி நோட்டீஸ் போர்டு சொன்னது. பெரியார் பஸ் ஸ்டாண்டைச் சுற்றியிருக்கிற சுவர்களில் மட்டும் பாடங்களுக்குக் குறைச்சல் இருக்காது. அஞ்சல் வழியில் நூலக அறிவியல், யோகா, சோதிடம், பத்திரிகையியல், குற்றவியல் என்று ஒன்றன்மேல் ஒன்றாகப் போஸ்டர் ஒட்டியிருப்பார்கள். பழைய போஸ்டரைக் கிழித்தால் அடியில் இன்னொரு பட்டம் இருக்கும். ஆனால் எங்கள் தெருவிலிருந்து முதன்முதலாகக் கல்லூரிக்குப் போகிற பெண்ணுக்கு எது பிடிக்கும் என்று யாரும் கேட்கவில்லை. நோட்டீஸ் போர்டில் கணிதம் என்ற தலைப்பின் கீழே என் பெயர் இருந்தது. முத்துலட்சுமி, பதினேழாவது பெயர். அன்றிலிருந்து கணிதம் எனக்குப் பிடித்தது.

அந்தச் செப்டம்பர் காலையில் நான் பல்கலைக்கழகத்துக்குப் போனது படிக்க அல்ல, படித்ததை நிரூபிக்க. நானும் என் கணவர் முருகேசனும் எங்கள் சின்ன மகளும் இந்த நாட்டுக்கு வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அவர் பேருந்து தயாரிக்கிற ஆலையில் இருக்கை பொருத்துகிற வேலையில் இருந்தார். நான் ரொட்டி ஆலையில் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தேன். ரொட்டியைக் குறை சொல்ல மாட்டேன், அது சோறு போட்டது. ஆனால் நான் கணக்கு டீச்சர். வாடிப்பட்டியில் ஒரு தனியார் பள்ளியில் நாலு வருடம் கரும்பலகைக்கு முன்னால் நின்றவள். இங்கே டீச்சராக வேண்டுமென்றால் இந்த ஊர் பி.எட். படிக்க வேண்டும். அதில் சேர வேண்டுமென்றால் என் மதுரை பி.எஸ்ஸி. இங்கத்திய பட்டத்துக்குச் சமம் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். மதிப்பெண் பட்டியலை அனுப்பி நாலு மாதம் கழித்துப் பதில் வந்திருந்தது.

பதில் இப்படி இருந்தது. பகுதி மூன்று, கணிதமும் இயற்பியலும்: ஏற்கப்படுகிறது. பகுதி இரண்டு, ஆங்கிலம்: ஏற்கப்படுகிறது. பகுதி ஒன்று, தமிழ், நான்கு தாள்கள்: பொருத்தமில்லை. பகுதி நான்கு, காளான் வளர்ப்பு: பல்கலைக்கழகத் தரத்தில் இல்லை. பகுதி ஐந்து, நாட்டு நலப்பணித் திட்டம், கிராம முகாம்: பாடம் அல்ல. மொத்தம் எழுபத்திரண்டு கிரெடிட். பதினெட்டு குறைகிறது. அடுத்த பக்கத்தில் ஓர் ஆலோசனையும் சொல்லியிருந்தார்கள். விண்ணப்பதாரரின் படிப்பு மிகவும் குறுகலாக இருப்பதால் அகலத்தின் பொருட்டு ஒரு மொழி, ஒரு வேளாண் பாடம், ஒரு சமூகக் களப்பணி ஆகியவற்றை எடுத்துக் குறையை நிறைவு செய்துகொள்ளலாமாம்.

நான் அந்தக் கடிதத்தை மூன்று தடவை வாசித்தேன். மொழியை அடித்துவிட்டு மொழி படி என்கிறார்கள். காளானை அடித்துவிட்டு வேளாண்மை படி என்கிறார்கள். எனக்கு வந்த கோபத்தில் அந்த மைனஸ் டிகிரி ஊரிலும் வியர்த்தது. இவர்கள் படித்தால் அகலம், நாங்கள் படித்தால் குப்பையா?

மதிப்பீட்டு அலுவலகத்தில் லிண்டா என்று ஒரு பெண்மணி இருந்தார். நல்லவர். நாற்காலி கொடுத்தார், காபி வேண்டுமா என்றார். நான் மதுரைப் பழக்கத்தில் நான்கு பக்க விண்ணப்பம் எழுதிக்கொண்டு போயிருந்தேன். அனுப்புநர், பெறுநர், மதிப்பிற்குரிய அம்மையீர் எல்லாம் அதில் இருந்தது. அதை வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "நீங்கள் ஏன் என்னிடம் இவ்வளவு பணிவாக இருக்கிறீர்கள்?" என்று கேட்டார்.

"இது பணிவு இல்லை, சண்டை. எங்கள் ஊரில் சண்டையையும் இப்படித்தான் தொடங்குவோம்" என்றேன்.

அவர் சிரித்தார். நான் விளையாட்டுக்குச் சொன்னேன் என்று நினைத்துக்கொண்டார். பிறகு, பட்டியலில் வெறும் தலைப்புகள்தான் இருக்கின்றன, ஒவ்வொரு பாடத்துக்கும் விவரம் வேண்டும், அது கிடைத்தால் குழுவின் முன் வைக்கலாம் என்றார். பி.எட். விண்ணப்பத்துக்கு நவம்பர் முடிவுவரை நேரம் இருந்தது.

விவரத்துக்கு நான் யாரிடம் போவேன்? ரேவதியிடம்தான் போனேன். ரேவதி பழங்காநத்தத்துப் பெண், கல்லூரியில் மூன்று வருடமும் என் பக்கத்து இருக்கை. வீட்டில் சௌராஷ்டிர மொழி பேசுகிற குடும்பம். அப்பா மளிகை மொத்த வியாபாரம். அவள் எம்.எஸ்ஸி. முடித்து, நாங்கள் படித்த அதே கல்லூரியில் விரிவுரையாளராகிவிட்டாள். தொலைபேசியில் விஷயத்தைச் சொன்னதும் எனக்கு முன்னால் அவள் கொதித்தாள். "காளானைத் தள்ளிட்டாங்களா? அந்த ஷெட்டுல வைக்கோல் அவிச்சு அவிச்சு என் கையெல்லாம் கொப்புளம்டி! இரு, எல்லாத்தையும் அனுப்புறேன்" என்றாள். அனுப்பவும் செய்தாள். பழைய பாடத்திட்டப் புத்தகம், முதல்வர் கையெழுத்து, கல்லூரி முத்திரை எல்லாம் மூன்று வாரத்தில் வந்து சேர்ந்தன.

குழு என்றால் மூன்று பேர், ஒரு வட்ட மேசை. நான் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு, அதற்கு மேல் பனிக்கோட்டும் போட்டுக்கொண்டு போனேன். தமிழிலிருந்து தொடங்கினேன். நாலு தாளில் என்ன படித்தாய் என்றார்கள். கவிதை, உரைநடை, இலக்கணம் என்றேன். முகத்தில் ஒன்றும் அசையவில்லை. அப்போதுதான் எனக்குள் இருந்த கணக்கு டீச்சர் எழுந்தாள். வெள்ளைப் பலகையில் போய் எழுதினேன். எங்கள் செய்யுளில் அசை இரண்டே வகை. இரண்டு அசை சேர்ந்தால் நான்கு வகைச் சீர், மூன்று சேர்ந்தால் எட்டு, நான்கு சேர்ந்தால் பதினாறு. ஒவ்வொன்றுக்கும் எங்களிடம் பெயர் உண்டு, அதை மனப்பாடம் செய்யாமல் ஒருத்தி பி.எஸ்ஸி. தாண்ட முடியாது என்றேன். மூவரில் ஒருவர் கணிதத் துறை, வெள்ளைத் தாடிக்காரர். அவர் எழுந்தே வந்துவிட்டார். பதினாறுக்கும் பெயர் சொல் என்றார். சொன்னேன். இரண்டு இடத்தில் தடுமாறினேன், அவருக்கு அது தெரியவா போகிறது!

தமிழுக்குப் பன்னிரண்டு கிரெடிட் கிடைத்தது. எந்தக் கணக்கில் வரவு வைப்பது என்று லிண்டா கணினியில் தேடி, கடைசியில் 'அயல்மொழி' என்ற இடத்தில் போட்டார். "எனக்கா அயல்மொழி?" என்றேன். "வேறு கோட் நம்பர் இல்லையே" என்றார். காளானுக்கு நான் அதிகம் பேச வேண்டியிருக்கவில்லை. முட்டை ஓட்டுக் கோலத்துக்கு மூன்று கிரெடிட் என்றால், வைக்கோலை வேகவைத்து, ஈரப்பதம் அளந்து, பையில் விதை போட்டு, இருபது நாளில் ஒரு சாப்பாட்டுப் பொருளை விளைவிக்கிறவளுக்கு எத்தனை என்று மட்டும் கேட்டேன். அதற்கு மூன்று. எண்பத்தேழு வந்துவிட்டது. மீதி பகுதி ஐந்து, அந்தக் கிராம முகாம். அதற்கும் வழி இருக்கிறது, சமூகக் களப்பணி என்ற தலைப்பில் ஏற்கலாம் என்று லிண்டா ஒரு படிவத்தைக் கையில் கொடுத்தார். வீட்டுக்கு வரும் பேருந்தில் நான் மனசுக்குள் ஆடிக்கொண்டே வந்தேன். வீட்டில் வந்து படிவத்தைப் பிரித்தேன். நான்காவது கேள்வியில் நின்றுபோனேன்.

'மாணவர் களப்பணி செய்த சமூகம் அவருடைய சொந்தச் சமூகம் அல்லாத வேறொரு சமூகமா? ஆம் / இல்லை.' அடியில் சிறிய எழுத்தில், 'இல்லை' எனில் கிரெடிட் வழங்க இயலாது.

அந்த முகாமைப் பற்றி நான் யாரிடமும் பேசியதில்லை. முருகேசனிடம்கூடப் பாதிதான் சொல்லியிருந்தேன். இப்போது முழுவதும் எழுதுகிறேன்.

இரண்டாம் ஆண்டு தை மாதம். பட்டம் வாங்கப் பகுதி ஐந்து கட்டாயம். பத்து நாள் ஒரு கிராமத்தில் தங்கிச் சேவை செய்ய வேண்டும். எந்தக் கிராமம் என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். அது வாடிப்பட்டிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். ஊர் என்றால் ஊர் அல்ல, வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் இருக்கிற எங்கள் காலனி. பின்தங்கிய குடியிருப்பு என்று கல்லூரி தத்தெடுத்திருந்தது. என் அப்பாவும் அம்மாவும் பிறர் வயலில் நாற்று நட்டும் கதிர் அறுத்தும் என்னைப் படிக்கவைத்தவர்கள். அப்போதுதான் ஓர் ஏக்கர் குத்தகைக்கு எடுத்திருந்தார்கள். ஹாஸ்டலில் நான் யாரிடமும் காலனி என்று சொன்னதில்லை. எந்த ஊர் என்றால் வாடிப்பட்டி என்பேன், அவ்வளவுதான். வாடிப்பட்டியில் எல்லோரும் இருக்கிறார்கள், அந்தப் பெயருக்குள் ஒளிந்துகொள்ளலாம். அந்த அறிவிப்பைப் பார்த்த சனிக்கிழமை நான் வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன்.

"அம்மா, காலேஜுல இருந்து நம்ம தெருவுக்குத்தான் வாராங்க. நானும் வாரேன். என்னையத் தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதம்மா."

அம்மா புளி கரைத்துக்கொண்டிருந்தாள். கை நின்றது. பிறகு மறுபடியும் கரைத்தாள். "சரி" என்றாள். ஒரு கேள்வி கேட்கவில்லை. இரண்டு திட்டுத் திட்டியிருந்தால் எனக்கு இன்றைக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

முகாமுக்கு இருந்த ஒரு வாரத்தில் அம்மா வீடு வீடாகப் போய்ச் சொல்லிவைத்திருக்கிறாள். அறுபது பெண்களும் வேனில் வந்து இறங்கினோம். எங்கள் தெருவே வரிசையாக நின்று வேடிக்கை பார்த்தது. என்னை இடுப்பில் தூக்கி வளர்த்த சித்தி என்னைத் தாண்டிப் பார்த்தாள். கபடி ஆடும்போது என் பல்லை உடைத்த கருப்பசாமி அண்ணன் வாத்தியாரிடம், "பிள்ளைகளுக்குக் குடிக்கத் தண்ணி கொண்டாரவா?" என்று கேட்டான். வேண்டாம் என்றார்கள், அதுதான் எங்கள் பெண்கள் பலர் பாட்டிலில் கொண்டுவந்திருந்தார்களே. பத்து நாளும் கருவேலம் புதரை வெட்டினோம், சாக்கடை தோண்டினோம், என் தெருவுக்கே நான் சுத்தத்தைப் பற்றிப் பாட்டுப் பாடினேன். ஒரு குழந்தைகூட என்னை அக்கா என்று கூப்பிடவில்லை. அத்தனை பேரும் எனக்காக நடித்தார்கள்.

ஏழாம் நாள் கணக்கெடுப்பு. இரண்டிரண்டு பேராகப் போய் வீட்டுக்கு ஒரு படிவம் நிரப்ப வேண்டும். எனக்கு ஜோடி ரேவதி. எங்களுக்கு ஒதுக்கிய பத்து வீட்டில் மூன்றாவது என் வீடு. அம்மா வாசலில் பாயை விரித்து, "வாங்க தாயி, ஒக்காருங்க" என்றாள். பெற்ற மகளை வாங்க என்றாள். நான் தலையைக் குனிந்துகொண்டு கேள்விகளைப் படித்தேன். குடிநீர் எங்கிருந்து எடுக்கிறீர்கள்? கழிப்பறை உண்டா? சாதி? எல்லாவற்றையும் நான் கேட்க, அம்மா சொல்ல, ரேவதி எழுதினாள். நான் கேட்ட அடுத்த கேள்வி, வீட்டில் மொத்தம் எத்தனை பேர்?

அம்மா என்னைப் பார்க்கவில்லை. முற்றத்தைப் பார்த்துச் சொன்னாள்.

"மூணு பேரு தாயி. நானு, எங்க வீட்டுக்காரரு, மகன் ஒருத்தன்."

ரேவதி மூன்று என்று எழுதினாள். கீழே நான் கையெழுத்துப் போட்டேன். அதற்குத்தான் என் மதிப்பெண் பட்டியலில் பகுதி ஐந்துக்கு நேரே 'நிறைவு செய்தார்' என்று அச்சடித்திருக்கிறது.

படிவத்தை மேசையில் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். ஆலையிலிருந்து வந்த முருகேசன் வாசித்துப் பார்த்தார். அவரும் சோழவந்தான் பக்கத்தில் ஒரு காலனியிலிருந்து வந்தவர்தான். அவருக்கு எதையும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் அவர் சொன்னது வேறு.

"ஆமான்னு டிக்கப் போட்டுட்டுப் போ புள்ள. இவுக என்ன வாடிப்பட்டிக்கு வந்தா பாக்கப் போறாக? மூணு கிரெடிட்டுக்காக ஒரு வருசத்தத் தொலைக்கவா?"

"அம்புட்டுத்தானா?"

"வேற எம்புட்டு? நீ அங்க பொய் சொன்ன, உண்மைதான். அது பொழப்புக்கு. இதுவும் பொழப்புக்குத்தான்."

அவர் சொன்னதில் தப்பில்லை. நானும் பேனாவை எடுத்தேன். மேற்பார்வையாளர் என்ற இடத்தில் கல்லூரியின் ஒப்பம் வேண்டும் என்பதால் முதலில் ரேவதியைக் கூப்பிட்டு அந்த நாலாவது கேள்வியை வாசித்துக் காட்டினேன்.

"நான் என்னடி எழுதட்டும்?" என்றாள். "நீ என்ன சொல்றியோ அத எழுதுறேன்."

"உனக்குத் தெரியுமா?"

"அன்னைக்கே தெரியும். உங்கம்மா ரெண்டு பேருக்கும் மோர் குடுத்தாங்கல்ல, டம்ளர் மாறிப்போச்சு. எனக்கு வந்ததுல உப்பே இல்ல. நம்ம கிளாஸ்லயே உப்பில்லாம மோர் குடிக்கிறவ நீ ஒருத்திதான். ஊரு பேரு தெரியாத பொண்ணுக்கு எப்படி உப்பில்லாமக் குடுப்பாங்க? உங்கம்மா எல்லாத்தையும் மறைச்சாங்க முத்து, அத மட்டும் மறந்துட்டாங்க."

"ஏன் என்கிட்ட கேக்கல?"

"நீ சொல்லுவன்னு இருந்தேன். நானும் எங்க வீட்டுப் பாஷைய காலேஜுல ஒரு வார்த்த பேச மாட்டேன். கிண்டல் பண்ணுவாளுகன்னு. நான் போயி ஒன்னைய என்னன்னு கேக்க?" என்றாள்.

தொலைபேசியை வைத்த பிறகு நான் அழுதேன். அழுதேன் என்று எழுத எனக்கு வெட்கமில்லை. ஒரு தெரு முழுக்க ஒத்துழைத்து, ஒரு தாய் தன் வயிற்றைப் பொய்யாக்கி, பக்கத்தில் உட்கார்ந்திருந்த தோழி தெரிந்தும் தெரியாத மாதிரி இருந்து, இத்தனை பேரும் சேர்ந்து காப்பாற்றியது எதை? என் பயத்தை. அந்தப் பயத்தை நான் விமானத்தில் ஏற்றி இவ்வளவு தூரம் கொண்டுவந்திருக்கிறேன். யாருக்கு முன்னால் இனி நான் அதைத் தூக்கிச் சுமக்க வேண்டும்? இந்த ஊரில் காலனி என்றால் என்னவென்றே யாருக்கும் தெரியாது. தெரிந்தாலும்தான் என்ன?

நான்காவது கேள்வியில் 'இல்லை' என்பதில் டிக் போட்டேன். இடம் விட்டிருந்த கோட்டில் ஆங்கிலத்தில் எழுதினேன்: இது என் சொந்தத் தெரு. மூன்றாவது வீடு என் தாயுடையது. அந்த வீட்டின் படிவத்தில் நபர்களின் எண்ணிக்கை தவறு. மூன்று அல்ல, நான்கு.

லிண்டா வாசித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "இந்தக் கடைசி வரி எதற்கு? எண்ணிக்கையை நாங்கள் கேட்கவில்லையே" என்றார்.

"நீங்கள் கேட்கவில்லை. நான் சொல்கிறேன்."

"முத்து, எல்லோரும் 'ஆம்' என்றுதான் டிக் செய்வார்கள். நான் இன்னொரு படிவம் தரட்டுமா?"

வேண்டாம் என்றேன். எனக்கு உதவி செய்யத்தான் அவர் பார்த்தார், அது புரியாமல் இல்லை. ஆனாலும் ஒன்று கேட்டுவிட்டுத்தான் வந்தேன். அடுத்தவர் தெருவில் சாக்கடை தோண்டினால் கல்வி, சொந்தத் தெருவில் தோண்டினால் கல்வி இல்லை என்று எந்தப் பேராசிரியர் முடிவு செய்தார்? ஓர் ஊரை வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு மட்டும்தான் அகலமா? அவர் கணினியைத் திரும்பிப் பார்த்தார், அதில் இதற்குக் கோட் இல்லை.

மூன்று கிரெடிட் போனது. அதனால் அந்த வருடத்து பி.எட். போனது. ரொட்டி ஆலையில் இன்னொரு வருடம் பொட்டலம் கட்டினேன். இதைத் தியாகம் என்று யாரும் நினைக்க வேண்டாம், எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. விடியற்காலை ஷிப்டுக்குப் பனியில் நடக்கும்போதெல்லாம் ஒரு டிக்கில் முடிந்திருக்கும் என்று தோன்றும். தோன்றினாலும் அந்த டிக்கை நான் போட்டிருக்க மாட்டேன்.

ஆனால் குறைந்த மூன்றை நிரப்ப ஒரு பாடம் எடுக்க வேண்டுமே. அந்த டெலிபோன் டைரக்டரியை மறுபடியும் மடியில் வைத்துக்கொண்டேன். என் வாழ்க்கையில் முதல் தடவையாக, ஹெட்மிஸ்ட்ரஸ் இல்லாமல், நோட்டீஸ் போர்டு இல்லாமல், இது படித்தால் என்ன வேலை கிடைக்கும் என்று கேட்க ஆள் இல்லாமல் ஒரு பாடத்தை நானே எடுத்தேன். வேண்டுமென்றே எதற்கும் உபயோகமில்லாத ஒன்றை எடுத்தேன். பூச்சிகளும் மனிதர்களும். வெளியே மைனஸ் முப்பதில் ஒரு பூச்சி உயிரோடு இல்லாத ஜனவரி மாதத்தில், கண்ணாடிப் பெட்டிக்குள் குத்திவைத்த வெட்டுக்கிளியைப் பார்த்துக் குறிப்பு எழுதினேன். என்னைவிடப் பத்து வயது குறைந்த பிள்ளைகள் சுற்றியிருந்தார்கள். நெல்லில் தத்துப்பூச்சி விழுந்தால் வயல் எப்படிக் காய்ந்து போகும் என்று ஆசிரியர் படம் போட்டுக் காட்டினார். நான் கையைத் தூக்கி, அது எந்த மாதத்தில் வரும், எப்படி வயலில் நடந்து போகும்போதே முழங்காலில் வந்து மோதும் என்று சொன்னேன். அவர் அதைக் குறித்துக்கொண்டார். ஏ பிளஸ் வாங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் பேசினேன். என் தம்பி அம்மா வீட்டில் போன் வாங்கிப் போட்டிருந்தான். நான் படிவத்தில் எழுதியதையும், வருடம் ஒன்று போனதையும், எடுத்த பாடத்தையும் சொன்னேன்.

"பூச்சியப் படிக்கவா பிளேன் ஏறிப் போன?" என்று அம்மா முதலில் சிரித்தாள். முகாமைப் பற்றி நாங்கள் அதுவரை ஒரு வார்த்தைகூடப் பேசிக்கொண்டதில்லை. "நம்ம தெருன்னு எழுதிப்புட்டயாக்கும்?" என்றாள்.

"எழுதிப்புட்டேம்மா."

"எழுது. எதுக்குப் பயந்துக்கிட்டு?" என்றாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது என்று நினைத்தேன். அவள் வேறு கதைக்குப் போனாள். போன வாரம் ரேஷன் கார்டு சரிபார்க்க ஆபீசர் ஒருவர் தெருவுக்கு வந்திருக்கிறார். கட்டிக்கொடுத்த பெண்ணின் பெயரை அடிக்க வேண்டும், அதுவும் வெளிநாட்டுக்குப் போனவள், ஏன் இன்னும் கார்டில் இருக்கிறாள் என்று கேட்டிருக்கிறார்.

"நீ என்னம்மா சொன்ன?"

"எத்தன பேருன்னு கேட்டாரு. நாலுன்னேன். அவ இங்க இல்லையேம்மாங்கிறாரு. இல்லாட்டி என்ன, எம்மகதானன்னேன். சட்டம் அப்பிடி இல்லங்கிறாரு. அரிசி வேணாம்யா, பேரு இருக்கட்டும்னேன். பேனாவத் தொறந்தாரு. கார்டப் பிடுங்கி மடியில வச்சுக்கிட்டேன்."

அவள் சொல்லிவிட்டுச் சத்தமாகச் சிரித்தாள். நான் தொலைபேசியைப் பிடித்தபடி சமையலறையில் நின்றிருந்தேன். மேசையில் வீட்டு வாடகை ஒப்பந்தப் படிவம் கிடந்தது, புதுப்பிக்க வேண்டிய மாதம். இந்த முகவரியில் வசிப்போர் எத்தனை பேர் என்ற இடத்தில் முருகேசன் மூன்று என்று எழுதியிருந்தார். அவர், நான், எங்கள் மகள். அங்கே வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் என் அம்மாவின் மடியில் நான்கு. இரண்டிலும் நான் இருக்கிறேன். ஒருத்தி இரண்டு வீட்டுக் கணக்கில் இருக்கக் கூடாது என்று எந்த நாட்டுச் சட்டமும் சொல்லலாம். சொல்லிக்கொள்ளட்டும், இரண்டிலிருந்தும் நான் பெயரை எடுக்கப் போவதில்லை.